என் வீட்டுக்காரர் குணமான விதம்

ஜனவரி 5, ஞாயிறு

இன்று ஆராதனையில் இவர் தன்னுடைய சர்க்கரை மாத்திரையைக் கொண்டுபோய் வாளியில் போட்டுவிட்டார்.

வாளி என்றால் சிவப்பு பிளாஸ்டிக் வாளி. கல்யாண மண்டபத்தைத் துடைக்க வைத்திருப்பது. எங்கள் சபை அந்த மண்டபத்தின் மாடியில்தான் கூடுகிறது. கீழே முகூர்த்தம் இருந்தால் மேலே அல்லேலூயாவுக்கும் கீழே நாதஸ்வரத்துக்கும் பெரிய போட்டி நடக்கும். பாஸ்டர் ஜோயல் கனகராஜ் வாளியை மேடைக்கு முன்னால் வைத்து, "மாத்திரை உன்னக் காப்பாத்துதா, இயேசு காப்பாத்துதாரா? இன்னைக்கே முடிவு பண்ணு!" என்று ஒரு சத்தம் போட்டார். எல்லோரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் எழுந்தார். மின்வாரியத்தில் இருந்த காலத்திலிருந்தே, "யார் முன்னால வாறீங்க?" என்று எவனாவது கேட்டுவிட்டால் போதும், இவருடைய கால் தானாக எழுந்துவிடும்.

அந்தக் காலில் ஒரு விரல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சர்க்கரைப் புண்ணில் போனது. "இனி சர்க்கரை ஏறுச்சுன்னா விரலோட நிக்காது, காலையே எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் சுகிர்தா முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுத் தலையாட்டிய மனிதர்தான் இன்று வாளியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, விசுவாசத்தோடு கேசரி கேட்டார்.

கொடுக்கவில்லை. "அவிசுவாசி" என்றார்.

ஜனவரி 6, திங்கள்

நாங்கள் இந்தச் சபைக்கு வந்த கதையை இவர் சொன்னால், ஆவியானவர் வழிநடத்தினார் என்பார். நான் சொன்னால், பழைய சர்ச்சை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டித் தேர்தலில் தோற்றார் என்பேன். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. பரம்பரையாக நாங்கள் போய்க்கொண்டிருந்த பெரிய கோயிலில் ஆவி இல்லை என்பது, தேர்தல் முடிவு வந்த மறுவாரமே இவருக்குத் தெரிந்துபோயிற்று. அதற்கு முன் ஒரு நாளும் தெரியவில்லை.

சென்னையிலிருக்கும் மகன் ரூபனுக்கு போன் போட்டேன். "நீங்கதான் அப்பாட்ட பக்குவமா எடுத்துச் சொல்லணும்மா" என்றான். பக்குவமாக எடுத்துச் சொல்ல இவர் என்ன மூன்றாம் வகுப்பா? மூன்றாம் வகுப்பென்றால் கவலையில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க மூன்றாம் வகுப்பைத்தான் மேய்த்தேன்.

இருந்தாலும் சொல்லிப் பார்த்தேன். "ஏங்க, மாத்திரையும் ஆண்டவர் குடுத்த அறிவுல செஞ்சதுதான?"

"அதெல்லாம் பழைய கோயில்காரங்க பேச்சு. ஏட்டி பியூலா, விசுவாசம்னா முழுசா இருக்கணும். பாதி கரண்ட்ல மோட்டார் ஓடுமா?"

ஓடாது. எரிந்துபோகும். அதையும் இவர்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஜனவரி 7, செவ்வாய்

மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன்.

"மாத்திரையப் பொடிச்சு சாப்பாட்டுல போடலாமா டாக்டர்?"

டாக்டர் பிள்ளை பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தது. "ஆன்ட்டி, ஒருத்தருக்குத் தெரியாம மருந்து குடுக்குறது தப்பு. நீங்க இதக் கேக்கல, நானும் காதுல வாங்கல." பிறகு பேனாவைத் திறந்தது. "சில மாத்திரைய உடைக்கவே கூடாது. இத உடைக்கலாம். ஆனா கசக்கும். அவருக்கு மயக்கமோ வேர்வையோ வந்தா உடனே கூட்டிட்டு வாங்க. எவ்வளவு சீக்கிரம் அவரையே சம்மதிக்க வைக்கிறீங்களோ, அவ்வளவு நல்லது."

கசப்புக்கா பஞ்சம்? பாகற்காய் இருக்கிறது, சுண்டவத்தல் இருக்கிறது, வெந்தயக் குழம்பு இருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத புருஷன் கிடைத்ததற்கு இன்றுதான் முதல்முறையாக நன்றி சொன்னேன்.

ஜனவரி 9, வியாழன்

சுண்டவத்தல் குழம்பு. தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

வாயால் அறிக்கை செய்தால் சரீரம் கேட்கும் என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். அதனால் காலையும் மாலையும் இவர் முற்றத்தில் நடந்துகொண்டே, "எனக்குச் சர்க்கரை இல்லை! எனக்குச் சர்க்கரை இல்லை!" என்று முழங்குகிறார். ரேஷன் கடையில் போடவில்லையோ என்று எதிர்வீட்டு அம்மா நினைத்துவிட்டாள். ஒரு டம்ளரில் கொண்டுவந்து நீட்டினாள்.

மாடியிலிருந்து ஜெர்லின் "ஆமென் மாமா!" என்று குரல் கொடுக்கிறாள். மாடியில் குடியிருக்கும் லில்லிபாயின் ஒரே மகள். லில்லிபாய் புருஷன் இல்லாதவள், தையல் மெஷினை மிதித்தே பிள்ளையை பி.காம் வரை படிக்க வைத்தாள். ஜெர்லின் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வலிப்பு உண்டு. வேளை தவறாமல் மாத்திரை போடுகிறதால் வருஷக்கணக்காக ஒன்றும் வந்ததில்லை. இந்தத் தெருவில் என்னிடம் கிண்டலாகப் பேசி, நான் திருப்பிப் பேசினால் சிரிக்கிற ஒரே ஜீவன் அதுதான்.

ஜனவரி 15, புதன்

எதிர்வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. நான் ஒளித்துவைப்பதற்குள் விசுவாசத்தோடு சாப்பிட்டுவிட்டார். ராத்திரிக்குப் பாகற்காய். ஒரு மனிதரைக் குணமாக்குவது லேசான வேலையில்லை.

ஜனவரி 20, திங்கள்

அம்மியில் மாத்திரையை நசுக்கும்போது வாய் சும்மா இருப்பதில்லை. கால் போகக்கூடாது ஆண்டவரே, கால் போகக்கூடாது என்று அதுபாட்டுக்கு முணுமுணுக்கிறது. பழக்கதோஷம். இதையெல்லாம் ஜெபத்தில் சேர்க்க முடியாது.

ஜனவரி 31, வெள்ளி

இவராகவே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சாப்பிடுவதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, சர்க்கரை அளவாக இருக்கிறது. அந்தத் தாளைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார். பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்று, "பியூலா" என்றார். விரலை எடுத்தபோதுகூட அழாத மனிதர் இன்று அழுதார்.

நானும் அழுதேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சாட்சி சொன்னார்.

ஆராதனை நடுவில் ஆளாளுக்கு மைக்கைக் கொடுத்து, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லச் சொல்வார்கள். பஸ்ஸில் சீட் கிடைத்ததிலிருந்து பேரனுக்கு விசா கிடைத்தது வரை எல்லாம் வரும். இவர் ரூபன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையேறினார். என்றைக்கோ டிரான்ஸ்பார்மர் வெடித்ததில் தொடங்கினார். சர்க்கரைக்கு வந்து சேருவதற்குள் முன்வரிசைக் குழந்தைகள் தூங்கிவிட்டன. வந்ததும் அந்தத் தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். சபை எழுந்து நின்று அல்லேலூயா என்றது. அதோடு இறங்கியிருக்கலாம்.

"ஒரு மாசமா ஒரு மாத்திரை என் வாயில படல! என் வீட்டுக்காரியே நம்பல. பியூலா, எந்திச்சு நில்லு!"

நின்றேன்.

"இப்ப நம்புதியா?" என்று மைக்கிலேயே கேட்டார்.

"நம்புதேன்" என்றேன். அரைத்தவளுக்கு நம்பாமல் என்ன?

பாஸ்டர் வாளியை முன்னால் நகர்த்தினார். இந்தத் தடவை யாரும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. வரிசையாகப் போனார்கள். பிரஷர்க்காரர்கள், தைராய்டுக்காரர்கள், இழுப்புக்காரர்கள். அந்த வரிசையின் நடுவில் மஞ்சள் சுடிதாரில் ஜெர்லின் போய்க்கொண்டிருந்தாள்.



பிப்ரவரி 3, திங்கள்

சபையில் அபிஷேகம் ஆண்களுக்கு, துடைப்பம் பெண்களுக்கு. இன்று என் முறை இல்லை. இருந்தாலும் போய், வாளியைக் கிளறி, ஜெர்லின் மாத்திரையை எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

"லில்லி, இது வலிப்பு மாத்திரை. சட்டுனு நிறுத்தினா ஆபத்து."

"அக்கா, அண்ணாச்சிக்கு விரலே போயிருந்துச்சு. அவுகளுக்கே சுகம் கெடச்சிருக்குன்னா எம் பிள்ளைக்குக் கெடைக்காதா? இருபத்தி மூணாந் தேதி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்க வாறாவ. பிள்ளைக்கு ஒரு சீக்கும் கெடையாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். அத உண்மையாக்க வேண்டாமா?"

ஜெர்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, மாமாவுக்கு இருக்குற விசுவாசத்துல பாதி எனக்கு இருந்தாப் போதும்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். மாமாவுக்கு இருந்தது விசுவாசமில்லை மகளே, சுண்டவத்தல் குழம்பு. ஆனால் சொன்ன நிமிஷமே லில்லி கீழே இறங்கிப்போய் இவரிடம் கேட்பாள். இவர் அதோடு என் கைச்சோற்றைத் தொடமாட்டார். அப்புறம் காலை எப்படிக் காப்பாற்றுவது? ஒரு பக்கம் இவருடைய கால், ஒரு பக்கம் அந்தப் பிள்ளையின் உயிர். மாத்திரையை ஜன்னலில் வைத்துவிட்டு, "கொஞ்சம் யோசிச்சுப் பாரு லில்லி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். எவ்வளவு பெரிய வீராங்கனை பார்.

பிப்ரவரி 5, புதன்

டாக்டருக்கு போன் போட்டு, வலிப்பு மாத்திரையையும் பொடிக்கலாமா என்று கேட்டேன். "ஆன்ட்டி, தெருவுக்கே பொடிச்சுப் போடப் போறீங்களா? அந்தப் பொண்ண உடனே மாத்திரை போடச் சொல்லுங்க, இல்லன்னா என்ட்ட கூட்டிட்டு வாங்க" என்று கத்தியது. நல்லவேளை கேட்டேன். கேட்காமல் போட்டிருந்தாலும் பலனில்லை. மாடியில் அம்மாவும் மகளும் உபவாசம். நான் கொடுத்தனுப்பிய புளிக்கறி அப்படியே திரும்பி வந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

பாஸ்டரைப் பார்க்கப் போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க சிஸ்டர்" என்றார். கண்ணுக்கு மட்டும் விசுவாசம் எட்டவில்லை போலிருக்கிறது.

"ஜெர்லின் மாத்திரைய நிறுத்தியிருக்கா. நீங்க சொன்னா கேப்பா."

"சிஸ்டர், மாத்திரைய நிறுத்துங்கன்னு நம்ம சபையில நாம என்னைக்குமே சொன்னதில்ல."

"வாளி வச்சீங்களே?"

"வாளி வச்சோம். போடுறதும் போடாததும் அவங்கவங்க தனிப்பட்ட விசுவாசம்."

"அவளுக்கு ஏதாவது ஆயிட்டுதுன்னா?"

"முழு விசுவாசம் இருந்தா ஆகாது."

எவ்வளவு வசதியான கணக்கு! சுகமானால் பெயர் சபைக்கு. சுகமாகாவிட்டால் குற்றம் படுத்திருக்கிறவன் பேரில். ரேடியோ ரிப்பேர்காரன்கூட இப்படிப் பேசமாட்டான். என் குழம்பு விஷயத்தை அவரிடம் உடைத்துவிடுவது என்றுதான் போனேன். கடைசியில், "வருதேன் பாஸ்டர்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

கோவில்பட்டியில் கூட்டம். நோட்டீஸில் இவர் படம் போட்டு, "சர்க்கரை நோயிலிருந்து அற்புத விடுதலை பெற்ற சகோதரர் தேவஇரக்கம்" என்று அச்சடித்திருக்கிறார்கள். காலையிலேயே எழுந்து சவரம் செய்து, கோட்டை எனக்கு முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினார். விரல் போன பிறகு இந்த மனிதர் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். கேட்டால்கூட பதில் வராது. இப்போது சீட்டியடிக்கிறார். போகும்போது வாசலில் திரும்பி, "வாரேன்டி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

கோட்டு இன்னும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

பிப்ரவரி 13, வியாழன்

ஜெர்லின் கை சட்டென்று வெட்டி இழுத்து, காப்பி டம்ளர் கீழே விழுந்ததாம். லில்லி சிரித்துக்கொண்டே சொன்னாள், "சத்துரு சோதிக்கான்க்கா." எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சொல்லவில்லை. வெந்தயக் குழம்பு.

பிப்ரவரி 16, ஞாயிறு

வரும் ஞாயிறு ஜெர்லின் சாட்சி சொல்வாள் என்று பாஸ்டர் அறிவித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஆராதனைக்கே வருகிறார்களாம். இவர் அவளை மேடைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, மைக்கை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். தொழில் பழகிவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

காலையில் மாடியில் தடாலென்று சத்தம். லில்லியின் அலறல். ஏறிப்போனால் ஜெர்லின் அடுக்களைத் தரையில் கைகால் வெட்டி இழுக்கக் கிடந்தாள். கிரைண்டர் விளிம்பில் இடித்து நெற்றி பிளந்து ரத்தம். நான் அவளை ஒருச்சாய்த்துப் படுக்க வைத்தேன். இவர் பின்னாலேயே வந்து போனில் பாஸ்டரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, அவள் காதருகே வைத்தார். வலிப்பே விலகிப் போ என்று போன் கட்டளையிடுகிறது, இவர் கட்டளையிடுகிறார், பிள்ளைக்கு வெட்டு நிற்கவில்லை.

"ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றேன்.

"பொறு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா இவ சாட்சி என்னத்துக்கு ஆகும்?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் இத்தனை நாள் அடக்கிவைத்தது எல்லாம் வந்துவிட்டது. "உங்க சாட்சியே என் அம்மியில அரைச்சதுதான்! தினமும் மாத்திரையப் பொடிச்சு உங்க குழம்புல போட்டேன். அதுலதான் உங்களுக்குச் சுகம். போன வைங்க. பிள்ளையத் தூக்குங்க!"

போனுக்குள் பாஸ்டர் "பிரதர்? பிரதர்?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத வராது. பிறகு போனைக் கிரைண்டர் மேல் வைத்துவிட்டுக் குனிந்து, விரலில்லாத காலை அழுத்தி ஊன்றி, அவளைத் தூக்கினார். படியில் இறங்கினார். போன் மேலேயே ஜெபித்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 19, புதன்

ஜெர்லினுக்கு நெற்றியில் தையல். ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியிலும் அடுத்தடுத்து வலிப்பு வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். இப்போது கண் விழித்துப் பேசுகிறாள்.

லில்லி வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எங்களுக்கு விசுவாசம் பத்தலக்கா. எந்தப் பாவத்தையோ நான் அறிக்கையிடாம வச்சிருக்கேன். அதான் எம் பிள்ளை மேல இறங்கிட்டு."

இதற்கு மேல் எவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? நேற்றைய அலறலில் நான் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன், முதலிலிருந்து. உனக்கு விசுவாசம் பத்தாமல் இல்லை லில்லி, நீ பார்த்த அற்புதம் என் அடுப்படியில் நடந்தது, எனக்குத் தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன் என்று.

அவள் நான் கொண்டுபோன காப்பி பிளாஸ்கை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அடித்திருக்கலாம்.

பிப்ரவரி 20, வியாழன்

இவர் என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. மூன்று வேளையும் ஓட்டல். பரோட்டா வாசனையோடு வந்து படுக்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பி.

பிப்ரவரி 22, சனி

கோட்டை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். ஆக, நாளைக்கும் மேடை. நாளைக்கும் டிரான்ஸ்பார்மர். ஒரு பிள்ளை தையல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது, இவருக்குக் கோட்டில் மடிப்பு கலையக்கூடாது. இந்த மனிதருக்காகவா அம்மியைத் தேய்த்தேன் என்று வெறுத்துப்போனது.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டாரை லில்லி வரவேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஜெர்லின் சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் இவரே போய் மைக்கை வாங்கினார்.

"எனக்குச் சுகமாகல" என்றார்.

பழக்கத்தில் நாலைந்து பேர் அல்லேலூயா என்றுவிட்டார்கள்.

"நல்லாக் கேளுங்க. எனக்குச் சுகமாகல. என் வீட்டுக்காரி எனக்குத் தெரியாம மாத்திரையப் பொடிச்சு சோத்துல போட்டுருக்கா. நான் சொன்ன சாட்சி பொய். அத நம்பி ஒரு பிள்ளை சாகக் கெடந்துச்சு. வாளியில போட்டவங்க எல்லாரும்…"

மைக் அணைந்தது. கீபோர்டு அலறியது. மைக்கை அணைத்து இவரை அடக்க முடியுமா? கம்பத்தின் உச்சியில் நிற்கிறவனுக்குக் கேட்கிற மாதிரி கத்திக் கத்தியே சர்வீஸ் முடித்தவர். "வாளியில போட்டவங்க எல்லாரும் எடுத்துட்டுப் போய்ச் சாப்பிடுங்க! டாக்டர்ட்டப் போங்க!" என்று கீழே பந்தி பரிமாறுகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

ஒருவரும் அசையவில்லை. பாஸ்டர் கண்களை மூடிக்கொண்டு, "நம்ம பிரதர் கடுமையாச் சோதிக்கப்படுறாங்க" என்றார். சபை முழுவதும் இவரை நோக்கிக் கையை நீட்டி, அவிசுவாசத்தின் ஆவி விலக ஜெபித்தது. இவர் கோட்டோடு வேர்த்து வடிந்து நடுவில் நின்றார். நான் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். என்மேலும் நாலு கை நீண்டது.

வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டல் பக்கம் திரும்பவில்லை. சோறு போட்டேன். "போட்டிருக்கியா?" என்றார். "இல்ல" என்றேன். சாப்பிட்டார். மாத்திரையைத் தனியாக நீட்டினேன். கையால் தள்ளிவிட்டார்.

பிப்ரவரி 24, திங்கள்

துடைப்பம் முறை எனக்கு. இனிமேல் வரவேண்டாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, அதனால் போனேன். வாளி துடைத்துவைத்த மாதிரி காலியாக இருந்தது. எடுத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கமாட்டார்கள். பார்த்திருந்தாலும் பார்த்ததாகச் சொல்லமாட்டார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

இவர் காலில் செருப்பு கடித்துக் கொப்புளம். போன தடவையும் கொப்புளத்தில்தான் தொடங்கியது. காலைப் பிடித்துப் பார்த்தேன். இழுத்துக்கொள்ளவில்லை. மாத்திரை மட்டும் வேண்டாமாம். கோபமா என்று கேட்டேன்.

"கோபமெல்லாம் இல்லட்டி. ஆண்டவரை நம்பி வாளியில போட்டேன்னு ஊரெல்லாம் கத்தினேன். பாத்தா அந்தச் சுகம் நீ குழம்புல போட்டது. இப்ப எனக்கு அதுலயும் பிடிப்பில்ல, இதுலயும் பிடிப்பில்ல. என்னத்த நம்பி என்னத்த முழுங்க?"

கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் கட்டினேன்.

மார்ச் 2, ஞாயிறு

இருவரும் எங்கும் போகவில்லை. பெரிய கோயிலுக்குத் திரும்ப வெட்கம், சபைக்குப் போனால் கை நீட்டுவார்கள்.

மத்தியானம் ஜெர்லின் இறங்கி வந்தாள். நெற்றியில் கட்டு. பிழைத்துக்கொண்டது சிரிப்பிலேயே தெரிந்தது. மாப்பிள்ளையிடம் அவளே போனில் வலிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டாளாம். "யோசிச்சுச் சொல்லுதேன்னான். யோசிக்கட்டும் அத்தை, யோசிக்கத் தெரிஞ்சவனா இருக்கானே." லில்லி இன்னும் என்னோடு பேசவில்லை. மகளைக் கீழே விட்டிருக்கிறாள், அதுவே பெரிது.

சபைச் செய்தியும் அவள்தான் கொண்டுவந்தாள். காலையில் பாஸ்டர் காலி வாளியைத் தூக்கிக் காட்டி, "பூட்டின மண்டபத்துக்குள்ள வச்ச மாத்திரை எங்க போச்சு? கர்த்தர் தம்முடைய ஜனத்தின் நோயை எடுத்துக்கொண்டார்!" என்றாராம். சபையே எழுந்து நின்று கைதட்டியதாம். தட்டிய கை ஒவ்வொன்றும் வாளிக்குள் போய் வந்த கை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. ஜெர்லின் போன பிறகு எழுந்துபோய் மாடிப்படியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அவளுக்கு இப்பவும் விசுவாசம் இருக்கு, பாத்தியா" என்றார். "மாத்திரையும் போடுதா, ஜெபமும் பண்ணுதா. எனக்குத்தான் ஒண்ணுமில்ல."

மார்ச் 3, திங்கள்

கொப்புளம் உடைந்து ஓரம் சிவந்திருக்கிறது. டாக்டர் சுகிர்தா வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, இவரை ஒன்றும் திட்டாமல், "அங்கிள், இன்னைக்குத் தொடங்கினா காலக் காப்பாத்திடலாம். நாளைக்குன்னா எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பயம். இத்தனை நாள் கேலியாக எழுதிக்கொண்டு வந்தேன். இந்த மனிதர் கட்டிலில் கிடந்து சுவரைப் பார்ப்பதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. அதை எழுதிவைக்கிறேன்.

மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். பொடிக்காமல், முழுசாக. உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இத நம்பி முழுங்கணுமா, சும்மா முழுங்குனாப் போதுமா?"

"நீங்க சும்மா முழுங்குங்க. நம்புத வேலைய நான் பாத்துக்கிடுதேன்."

முழுங்கினார். தண்ணீர் வெதுவெதுப்பாக இல்லையென்று ஒரு சத்தம் போட்டார்.